சொத்தே சாட்சி

சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் வழங்கிய ஒரு தீர்ப்பில் கார் ஒன்று சாட்சி சொன்னது. கீழ்வெண்மணி வழக்கு அது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று இது: குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏராளமான நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், அவர்களில் ஒருவரிடம் காரும் இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் யாரும் இல்லாமல் தாங்களே நடந்து வந்து குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

இதில் லஞ்சத்தையோ மிரட்டலையோ தேட வேண்டியதில்லை. தீர்ப்பெழுதியவர்கள் தாங்கள் எழுதியதை மனதார நம்பினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் விஷயம் இன்னும் கனக்கிறது. ஒருவருடைய நடத்தைக்குக் காரும் நிலமும் சான்றாகத் தாமாகவே நீதிமன்றத்தின் கண்ணில் பட்டிருக்கின்றன. அதே இரவில் நிலக்கிழார் தரப்பிலும் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இவர்களா செய்திருப்பார்கள் என்று ஐயப்படுவதற்கு அவர்களிடம் கார் இல்லை.

குற்றவியல் சட்டம் ஏழைக்கு ஒரு மாதிரி, பணக்காரருக்கு ஒரு மாதிரி என்று பேச்செடுத்தாலே காசு கொடுத்துத் தப்பித்த யாரோ ஒருவர் நம் நினைவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் அவர்களைத் திட்டி முடிப்பதோடு நாம் திருப்திப்பட்டுவிட்டால் பெரும்பகுதி பேசப்படாமலே போய்விடும். இந்திய நீதிமுறை தொடக்கத்திலிருந்தே சொத்தை நற்சான்றிதழாகப் படித்துப் பழகியிருக்கிறது என்பது என் கணிப்பு. யாரைச் சந்தேகிப்பது, யாரை ஜாமீனில் விடுவது, சிறையில் யாருக்குக் கட்டில் போடுவது, யார் சொல்லை நம்புவது என ஒவ்வொரு படியிலும் அது கேட்கிற காகிதம் கடைசியில் சொத்துப் பத்திரமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் இதைச் சாதியிலிருந்து பிரித்தெடுத்துப் பேசவும் முடியாது. வெண்மணியில் நிலம் யாரிடம் இருந்தது, குடிசை யாருடையது என்பதைச் சாதிதான் முன்பே முடிவு செய்திருந்தது.

சந்தேகத்திலிருந்து தொடங்கலாம். 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, வெளிப்படையான பிழைப்பு வழி இல்லாத ஒருவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி நன்னடத்தைக்குப் பிணை கேட்க வழி செய்தது. அவர் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. எப்படிச் சாப்பிடுகிறாய் என்ற கேள்விக்குப் போலீசுக்குத் திருப்தி தரும் பதில் அவரிடம் இல்லாமல் போனால் போதும். சுதந்திர இந்தியா 1973இல் புதிய சட்டம் எழுதியபோது ‘பிழைப்பு வழி இல்லாதவர்’ என்ற வரி போயிற்று. அந்த வரியோடு வளர்ந்த கண் போகவில்லை.

அதே பார்வை ஒரு சமூகம் முழுவதன்மேலும் விழுந்தபோது அதன் பெயர் குற்றப்பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் அதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றார்கள். பிறந்த சாதியே குற்றப் பதிவேடு. ஆண்கள் ரேகை பதிய வேண்டும், இரவில் எங்கே படுக்கிறார்கள் என்று காட்ட வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் 1952இல் ஒழிந்தது. அதன் இடத்தில் ‘வழக்கமான குற்றவாளிகள்’ சட்டங்கள் பல மாநிலங்களில் வந்து உட்கார்ந்துகொண்டன. சமூகங்களுக்குச் சீர்மரபினர் என்ற புதுப்பெயர் கிடைத்தது. போலீசின் பதிவேட்டில் பழைய பெயர்களே தொடர்ந்தன.

இந்த வரலாறு நம் நாக்கிலும் தங்கியிருக்கிறது. குறும்பு செய்யும் பிள்ளையைக்கூடச் சில வீடுகளில் ‘கேடி’ என்று செல்லமாகத் திட்டுகிறோம். காவல் நிலையத்துப் பதிவேட்டில் ‘தெரிந்த கொள்ளையர்’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் இரண்டு முதலெழுத்துகள் அவை. ‘கேப்மாரி’ என்பது குற்றப்பரம்பரைப் பட்டியலில் ஏற்றப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். வங்கியில் ஆயிரம் கோடி வாங்கிவிட்டு விமானம் ஏறியவரைத் திட்டத் தமிழில் இப்படித் தனிச்சொல் எதுவும் இன்னும் உருவாகவில்லை. அவரையும் கேடி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1993இல் கடலூர்ப் பக்கம் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போன ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டதை ‘ஜெய்பீம்’ படம் வழியாகப் பலர் அறிவார்கள். படத்தில் அவர் இருளராகக் காட்டப்பட்டார்; உண்மையில் அவர் குறவர் சமூகத்தவர். ஓர் ஊரில் நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்பதற்கு ஊரில் யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அந்த வழக்கில் ஆட்கொணர்வு மனு போட்டு நடத்த சந்துரு போன்ற ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். கிடைக்காத வழக்குகளை யாரும் படமாக எடுக்கவில்லை.

வாச்சாத்தியில் அதே சந்தேகம் ஓர் ஊர் முழுவதன்மேலும் விழுந்தது. 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, கிணற்றில் குப்பையும் எண்ணெயும் கொட்டப்பட்டன, குழந்தைகளோடு பெண்கள் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சந்தன மரத்தை வாங்கிய வியாபாரி எந்த ஊர்க்காரர், எந்த லாரியில் போயிற்று என்பதெல்லாம் அந்த நாளின் அவசரத்தில் கேள்வியாகவே வரவில்லை. வழக்கில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். கிராமத்தாரைச் சிறையில் அடைக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அடைத்தவர்களின் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 31 ஆண்டுகள். இது நீதி வென்ற கதை என்று அடிக்கடி எழுதுகிறார்கள். வென்றதுதான். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்து நின்றதால் வென்றது. அமைப்பு தானாக ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை.

அன்றாடக் காவல் நிலையத்துக்கு வருவோம். புகார் கொடுக்கப் போகிறவருக்கு முதலில் கிடைப்பது எஃப்.ஐ.ஆரா, சி.எஸ்.ஆர். ரசீதா, ‘போயிட்டு நாளைக்கு வாங்க’ என்ற சொல்லா என்பது அவர் எதில் வந்து இறங்கினார், யாரோடு வந்தார் என்பதைப் பொறுத்தது. மாதக் கணக்குக்கு ஆள் தேவைப்படும்போது பெட்டி கேஸ் போடப்படுகிறது. அதற்கு ஆள் பிடிக்கும் இடம் பேருந்து நிலையம், டாஸ்மாக் வாசல், பிளாட்பாரம். வீட்டுக்குள் குடிக்க வசதியுள்ளவர் பொது இடத்தில் குடித்த வழக்கில் சிக்க வாய்ப்பே இல்லை. தெருவில் வாழ்கிறவருக்குப் பொது இடம் என்பதே வீடு. வறுமைக்கும் குற்றத்துக்கும் இடையிலிருக்கும் இந்தச் சந்து சட்டப் புத்தகத்தில் நெடுங்காலமாக உண்டு. 1945ஆம் ஆண்டு மதராஸ் பிச்சை தடுப்புச் சட்டம் ஓர் உதாரணம். டெல்லியில் பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை அந்த ஊர் உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது.

மாவுக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைதான இளைஞர் கையிலோ காலிலோ கட்டோடு நிற்கும் படம் தமிழ்ப் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. கழிவறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்பது விளக்கம். வருமான வரி கட்டும் ஒருவர் அப்படி வழுக்கி விழுந்ததாக நான் ஒரு செய்திகூடப் படித்ததில்லை. அவர்களுக்குக் கைதானதும் வருவது நெஞ்சுவலி. இரண்டு வகை அசௌகரியங்களும் ஒரே கட்டடத்தில்தான் நேர்கின்றன. இந்தப் படத்தைப் பார்த்துக் கை தட்டுகிறவர்களில் ஏழைகளும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரவுடியின் கத்திக்கு முதலில் இரையாவதும் அதே தெருவில் இருப்பவர்கள்தான். அவர்களுக்குப் போலீஸ் தேவை. வழக்கு நடந்து நீதி வரும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் மாவுக்கட்டே தீர்ப்பாகத் தெரிகிறது.

குண்டர் சட்டம் என்று நாம் சுருக்கிச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாட்டுச் சட்டத்தின் முழுப்பெயரை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்துவைக்கத் தகுந்த ஆபத்தானவர்களின் பட்டியலே அதன் பெயர். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர், போதைப்பொருள் விற்பவர், குண்டர், பாலியல் தொழில் நடத்துகிறவர், குடிசைப் பகுதி நிலத்தைப் பறிப்பவர் என்று தொடங்கியது. பிறகு வனக் குற்றவாளி சேர்ந்தார். 2004இல் திருட்டு வீடியோக்காரர் சேர்ந்தார். சினிமாத் துறை பலமானது. அதன் பின் மணல், இணையக் குற்றம், பாலியல் குற்றம். தோல் ஆலைக் கழிவைப் பாலாற்றில் விட்டவரோ தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாமல் விட்டவரோ இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களையும் சேர்க்கச் சொல்லவில்லை. விசாரணையில்லாச் சிறை யாருக்கும் ஆகாது. ஆபத்து என்றதும் அரசின் மனக்கண்ணில் எந்த முகம் வருகிறது என்பதற்கு அந்தப் பெயரே ஆவணமாக இருக்கிறது.

இனி ஜாமீன். இந்த விவகாரம் முழுவதன் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. எவ்வளவு தொகைக்கு என்பதை மாஜிஸ்ட்ரேட்டிடம் விட்டது. அவர் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். 1970களில், ஒரு கொத்தனாரிடம். மோதிராமின் அண்ணன் தம்பியில் ஒருவர் பிணை நிற்க வந்தார்; அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதுவும் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு கையில் இருந்தும் மோதிராம் உள்ளேயே இருந்தார். வழக்கு மறுபடி டெல்லிக்குப் போனபோது, 1978இல், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவரை 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: தெற்கிலிருந்து போன ஒருவர், மலையாளமோ கன்னடமோ தமிழோ பேசுகிறவர், வடக்கே எங்கோ கைதானால் அந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் பிணையாளியை எங்கே போய்த் தேடுவார்? இன்று அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுத் திருப்பூரில் கைதாகும் பீகார்த் தொழிலாளிக்காகக் கேட்க வேண்டும்.

அடுத்த ஆண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு. பாட்னா, முசாபர்பூர் சிறைகளில் விசாரணைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட அவ்வளவு காலம் தண்டனை கிடைத்திருக்காது என்ற நிலையில் பலர் இருந்தார்கள். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பகவதியின் அமர்வு அறிவித்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாக இலவச சட்ட உதவி அரசமைப்பின் 39ஏ பிரிவாக ஏறியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கைப் பாருங்கள். நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று யாராலும் சொல்லப்படாதவர்கள். சிறைகளில் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் படுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகும் அவர்கள் ஏன் உள்ளே இருக்கிறார்கள் என்பது நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். ‘இரு நபர் ஜாமீன்’ என்பது உத்தரவின் வழக்கமான வாசகம். அந்த இருவரும் ரேஷன் கார்டு, ஆதார், சொத்து வரி ரசீது, வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட சொத்து மதிப்புச் சான்று ஆகியவற்றோடு ஒரு வேலைநாளில் வந்து நிற்க வேண்டும். சொத்துள்ள சொந்தக்காரர் இல்லாதவருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஜாமீன் போடுகிற ஆட்கள் கோர்ட் வாசலிலேயே கிடைப்பார்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. இதையெல்லாம் தாண்டி வெளியே வந்தால் கண்டிஷன் ஜாமீன். மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. மாதச் சம்பளக்காரருக்கு அது அலுவலகத்தில் ஒரு மணி நேர அனுமதி. சித்தாளுக்கு அது அன்றைய கூலி. 10.30 மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவரை எந்த மேஸ்திரியும் வேலைக்குச் சேர்க்கமாட்டார். நிபந்தனையை எழுதியவருக்கு ஏழைகளின்மேல் விரோதம் எதுவும் இருந்திருக்காது. கூலி வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா ஒரு நல்ல காரியம் செய்தது. அதன் 479ஆவது பிரிவின்படி, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு இந்தச் சலுகை இல்லை என்கிறது. ஒரு பையனைப் பிடித்தால் அவன்மேல் தீராத நாலு பழைய திருட்டையும் சேர்த்து எழுதிக் கணக்கை முடிப்பது எந்த ஊர் வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். வலது கை கொடுத்ததை இடது கை எடுத்துக்கொண்டது.

சிறைக்குள்ளும் வகுப்பு உண்டு. உருவகமாகச் சொல்லவில்லை, விதிப்படியே உண்டு. லாகூர்ச் சிறையில் அரசியல் கைதிகளுக்கு மனித நடத்தை வேண்டும் என்று 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 13இல் ஜதீன் தாஸ் இறந்தார். ஆங்கில அரசு அடுத்த ஆண்டே கைதிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. எதற்காகச் சிறை வந்தார் என்பதைக் கொண்டு பிரிக்கச் சொன்னார்கள் போராடியவர்கள். வெளியே எப்படி வாழ்ந்தார் என்பதைக் கொண்டு பிரித்தது அரசு. சமூக நிலை, கல்வி, வாழ்க்கைப் பழக்கம் ஆகியவற்றால் உயர்ந்த வாழ்க்கைக்குப் பழகியவருக்கு மேல் வகுப்பு. தியாகிகளின் நினைவுக் குறிப்புகளில் ஏ கிளாஸ், சி கிளாஸ் பேச்சு வராத பக்கம் குறைவு. ஒரே கொடியைப் பிடித்துப் போன இருவரில் பி.ஏ. படித்தவருக்குக் கட்டில், விவசாயிக்குக் களி. தமிழ்நாடு சிறை விதிகள் 1983இல் எழுதப்பட்டபோதும் இந்த ஏ, பி வகுப்புகள் தொடர்ந்தன. அரசியல் பிரமுகர் ஒருவர் சிறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ‘முதல் வகுப்பு வழங்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. ரயில் டிக்கெட் போல நாமும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

விலங்கிலும் இதே பாகுபாடு இருந்தது. பஞ்சாப் காவல் விதிகள் ‘மேல் வகுப்பு’ விசாரணைக் கைதிக்கு அவசியமென்றால் மட்டும் கைவிலங்கு, சாதாரணக் கைதிக்கு வழக்கமாகவே விலங்கு என்று வைத்திருந்தன. பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் 1980இல் கிருஷ்ணய்யர் அமர்வு அதை ரத்து செய்தது. பணம் படைத்தவர் தப்பி ஓடமாட்டார் என்பதற்கு என்ன ஆதாரம்? பின்னாளில் தனி விமானத்திலும் முதல் வகுப்பிலும் நாட்டைவிட்டுப் போனவர்களை நினைத்தால் அந்த விதியை எழுதியவரின் கணக்கு எவ்வளவு தப்பு என்று விளங்கும். சிறை வேலையில் சாதி பார்ப்பதும், துப்புரவு வேலையைக் குறிப்பிட்ட சாதிக் கைதிகளுக்கு ஒதுக்குவதும் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அச்சாகவே இருந்தது. 2024 அக்டோபர் 3இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கச் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர்.

மறுபக்கத்தில் செல்வந்தரின் குற்றம் எப்படி நடத்தப்படுகிறது? 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் அதற்கு ‘வெள்ளைக் காலர் குற்றம்’ என்று பெயர் வைத்தார். பத்தாண்டுகள் கழித்து 70 பெரிய நிறுவனங்களின் சட்ட மீறல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியபோது பதிப்பாளர் நிறுவனப் பெயர்களை எடுக்கச் சொல்லிவிட்டார். பெயர்களோடு புத்தகம் வெளிவந்தது 1983இல். சதர்லாண்ட் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த நிறுவனங்களின் மீறல்கள் குற்றவியல் நீதிமன்றத்துக்கு வராமல் ஆணையங்களிலும் வாரியங்களிலும் அபராதமாக முடிந்துவிடுகின்றன, அதனால் அவை குற்றமென்றே கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது அவர் வாதம்.

போபாலை அந்த வாதத்தோடு வைத்துப் பார்க்கலாம். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டிக் கசிந்த வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவுக்குக் குறைத்தது. சாலை விபத்து வழக்குகளுக்கான பிரிவு அது, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2010 ஜூன் 7இல் இந்திய நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு அந்த இரண்டு ஆண்டு விதிக்கப்பட்டது. அன்றே ஜாமீனும் கிடைத்தது. அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கே வராமல் 2014இல் இறந்தார். டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13இல் 59 பேர் மூச்சுத் திணறி இறந்த வழக்கில், உரிமையாளர்கள் ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால் சிறை வேண்டியதில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருவரில் ஒருவரை மட்டும் ஓராண்டை முடிக்கச் சொல்லி 2017இல் திருத்தியது. ஓர் உயிருக்கு என்ன விலை என்று நீங்கள் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

2024 மே 19இல் புனேயில் விலையுயர்ந்த போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பதினேழு வயதுப் பையனை அன்றே சிறார் நீதி வாரியம் பிணையில் விட்டது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்து பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்த பிறகு பிணை திருத்தப்பட்டது. ரத்த மாதிரியை மாற்றியதாக அரசு மருத்துவமனை மருத்துவர்கள் கைதானார்கள். சிறாரைச் சிறையில் அடைக்காமல் திருத்த வேண்டும் என்ற சட்டத்தின் நோக்கம் உயர்வானது. நான் அதை எதிர்க்கமாட்டேன். செல்போன் பறித்த பதினேழு வயதுப் பையனிடம் எந்த வாரியமாவது 300 சொல் கேட்டிருக்கிறதா என்பதே என் கேள்வி. கன்றின்மேல் தேரை ஏற்றிய மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனுக்கு நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். வெண்மணியும் அந்தச் சோழனின் திருவாரூரும் ஒரே வட்டாரத்து ஊர்கள்.

சட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதை 2023 ஆகஸ்ட் மாதம் காட்டுகிறது. அந்த மாதம் ஜன் விஸ்வாஸ் சட்டம் ஒப்புதல் பெற்றது. 42 சட்டங்களில் 183 பிரிவுகளில் சிறைத் தண்டனையும் குற்றவியல் அபராதமும் நீக்கப்பட்டோ குறைக்கப்பட்டோ தொழில் செய்வது எளிதாக்கப்பட்டது. மக்கள்மீது நம்பிக்கை என்று அதன் பெயருக்குப் பொருள். அதே ஆகஸ்டில் பாரதிய நியாய சன்ஹிதா மசோதா மக்களவைக்கு வந்தது. இன்று அதன் 112ஆவது பிரிவு ‘சிறு ஒழுங்கமைக்கப்பட்ட குற்றம்’ என்ற புதிய குற்றத்தை உருவாக்கியிருக்கிறது. கும்பலாகச் சேர்ந்து பிக்பாக்கெட் அடிப்பது, பறிப்பது, பிளாக்கில் டிக்கெட் விற்பது ஆகியவற்றுக்கு ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை. நியாயமாகச் சொன்னால் அதே சன்ஹிதா 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக வைத்ததையும் குறிப்பிட வேண்டும். ஆனாலும் யார்மீது நம்பிக்கை, யார்மீது இல்லை என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்த 10 லட்சம் 2023இல் 30 லட்சமாயிற்று. இறக்கியதற்காகச் சிறை போன ஒப்பந்தக்காரரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பணக்காரர்களும் தண்டிக்கப்படவில்லையா என்று கேட்பார்கள். தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். சரவண பவன் உரிமையாளர் பி. ராஜகோபால் 2001இல் நடந்த கொலைக்காக 2004இல் பத்தாண்டும், 2009இல் உயர் நீதிமன்றத்தில் ஆயுளும் பெற்றார். 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூலையில் ஆக்சிஜன் முகமூடியோடு ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தார். சில நாட்களில் இறந்தார். சட்டம் அவரை விடவில்லை என்றும் சொல்லலாம். கொலை நடந்து பிடி இறுக 18 ஆண்டுகள் ஆயின, அதில் பெரும்பகுதியை அவர் ஜாமீனில் தொழில் நடத்திக் கழித்தார் என்றும் சொல்லலாம். வாய்தா என்பது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வெளியே இருப்பவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் சம்பாதித்த காலம். உள்ளே இருப்பவருக்கு அனுபவித்த தண்டனை. நீதிமன்றத் தாமதத்தைப் பொதுவான நோய் என்று பேசும்போது இது மறைந்துபோகிறது. அந்தத் தாமதத்தில் ஒருவருக்கு லாபம் இருக்கிறது.

மிகக் கடுமையான தண்டனைக்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவு. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மரண தண்டனை பெற்றுக் காத்திருந்தவர்களில் 74.1 சதவீதத்தினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். தூக்குமேடைக்கு வருகிறவர் பெரும்பாலும் வழக்கறிஞரோடு சரியாக உட்கார்ந்து பேசியிராதவர்.

பரிகாரம் எழுதாமலில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. பிணைத்தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை மத்திய அரசு கொடுக்கும் திட்டம் 2023இல் வந்தது. அந்தத் திட்டம் எனக்கு உவப்பாக இல்லை. சொத்தைக் கேட்கும் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு, பதில் சொல்ல அரசே கடன் கொடுப்பது போல இருக்கிறது. ஒருவர் ஊரில் எத்தனை காலமாக இருக்கிறார், குடும்பம் எங்கே, வேலை எங்கே என்று பார்த்துச் சொந்தப் பிணையில் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஹுசைனாரா வழக்கிலேயே சொல்லிவிட்டது. அதைச் செய்யச் சட்டத் திருத்தமும் வேண்டாம், பணமும் வேண்டாம். மாஜிஸ்ட்ரேட்டின் பேனா போதும்.

உள்ளூர்க்காரர்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது என்பதை 2023 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. மோதிராமுக்குச் சொல்லி 45 ஆண்டுகள் ஆன பிறகு. அந்த உத்தரவில் வேறு சிலவும் உண்டு. ஜாமீன் ஆணையின் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்குப் போக வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தும் பிணை கட்ட முடியாதிருந்தால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானே எடுத்துப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாவின் மகனோ, தெருமுனை இஸ்திரிக் கடைக்காரரின் தம்பியோ ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருந்தால் இந்த உத்தரவைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களோடு ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு ஆணைக்குழு அலுவலகம் வரை போய் வாருங்கள். பெரும்பாலும் அது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். போக முடியாவிட்டால் தொலைபேசி எண் 15100. கட்டணம் இல்லை.